ஆறாவது கம்பியில் மாப்பிள்ளை

எங்க ஊருக்குப் பொறுமைபுரம்னு பேர் வச்சுட்டுப் போன மிஷனரி துரை இங்க மொத்தம் பதினோரு நாள்தான் தங்கினாராம், இன்னும் ஒரு வாரம் தங்கியிருந்தா வேற பேரு வச்சிருப்பார், ஏன்னா கோயில் மணிக்கயிறு எந்தப் பக்கம் தொங்கணும்னு கேட்டாக்கூட ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, ரெண்டு நோட்டீஸ் அடிச்சு, பேராயருக்கு ரெண்டு மனு அனுப்புற ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்ல, போன வருஷம் சனவரி மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, பாடகர் குழுவுல டெனர், அதான் ஆண்கள்ல மேல்குரல், பாடுற ஜெபதுரையோட குரல் கீழே இறங்கினது திரும்ப மேலே ஏறி வரவே இல்ல.

நடந்தது இவ்வளவுதான். கீழ்க்குரல் பாடுற மூணு பேரும் ஒரே வீட்டுக் காதுகுத்துக்குப் போயிட்டாங்க, கீர்த்தனையோட கடைசி வரியில பாதாளத்துல போய் நிக்கிற ஒரு சுரம் வரும், அதைப் பிடிக்க ஆள் இல்லையேன்னு ஜெபதுரை தன் வரிசையிலேருந்தே இறங்கிப் பிடிச்சான், நல்லாத்தான் பிடிச்சான், ஆமென் பாடினோம், உக்காந்தோம். வெளியே வந்து "தோத்திரம் டீச்சர்"னு சொன்னான் பாருங்க, அது கிணத்துக்குள்ள நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. சளின்னு நெனைச்சு மிளகு ரசம் வைக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ரெண்டு கட்டை இறங்குச்சு, அதுக்கு அடுத்த ஞாயிறு இன்னும் ரெண்டு, ஏதோ முறை வச்சுக்கிட்ட மாதிரி ஆராதனை முடியுற நேரத்துக்குச் சரியா ரெண்டு ரெண்டு கட்டையா இறங்கிக்கிட்டே போச்சு.

டீச்சர்னு அவன் சொன்னது என்னைத்தான். பாக்கியவதி, கணக்கு டீச்சர், இருபத்தாறு வருஷமா கோயில்ல கீபோர்டு வாசிக்கிறேன். இதையும் இப்பவே சொல்லிடுறேன், கோயிலுக்குள்ள எலெக்ட்ரிக் கிட்டார் வந்தப்போ ரெண்டு கட்சியும் சேந்து சம்மதிச்ச ஒரே விஷயம் அதுதான், எதிர்த்தது நான் ஒருத்திதான். அது பேசினா என் கீபோர்டு காதுல விழாது. எந்த மனுஷிக்குத்தான் பிடிக்கும்.

அந்தக் கிட்டாரை வாசிக்கிறவ எப்சிபா. பாளையங்கோட்டையில ஒரு பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்கா. ஜெபதுரை வேன்ல காய்கறி விக்கிறவன், ஒருநாள் கடவாய்ப்பல் வலின்னு அந்த டாக்டர்கிட்ட நேரம் கேட்டு போன் பண்ணியிருக்கான், எடுத்தது இவ. "குரலைக் கேட்டுத்தான் டீச்சர் பிடிச்சுது, ஆளை அப்புறம்தான் பாத்தேன்"னு என்கிட்டயே சொன்னா. ஒரே சேகரம், அதான் ஒரே குருவானவருக்குக் கீழ வர்ற சபை, ஒரே பாடகர் குழு, ரெண்டு வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்துக்கிட்டு போன்லதான் கண்டுபிடிச்சிருக்காங்க, என்னத்தைச் சொல்ல. ரெண்டு வீட்டுலயும் பேசி, சாம்பல் புதனுக்கு முந்தின திங்கக்கிழமை கல்யாணம்னு நாள் குறிச்சாச்சு. அதை விட்டா லெந்து நாட்கள், நாப்பது நாளைக்கு எங்க சபையில தாலி ஏறாது.

குரல் இறங்கினதை ஊர் ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை. நாலாவது ஞாயித்துக்கு அப்புறம் அவன் பேசுறது யார் காதுலயும் விழலை, வாய் மட்டும் அசையும், பக்கத்துல இருக்கிற சாமான் ஆடும். டீக்கடை ஞானமுத்து ஒரே வாரத்துல பழகிட்டார்: ஜெபதுரை பெஞ்சுல உக்காந்து ஏதோ சொன்னா எதிர்ல இருக்கிற காலி கிளாஸ் தானா நகரும், ஒரு சாண் நகர்ந்தா டீ, ரெண்டு சாண் நகர்ந்தா டீயும் வடையும். வேன்ல அவன் பழைய குரல் பதிவு பண்ணி வச்சிருந்தான், தக்காளி, கத்தரிக்கா, முருங்கைக்கான்னு, அந்தப் பதிவும் அவனோட சேந்து இறங்கிருச்சு, ஆனா தெருவுக்குள்ள வேன் நுழைஞ்சதும் எல்லா வீட்டு அலமாரியிலயும் எவர்சில்வர் தட்டு கலகலன்னு ஆடும், பொம்பளைங்க கூடையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துருவாங்க, முன்னை விட வியாபாரம் நல்லாத்தான் நடந்துச்சு. வயித்து வலியில அழுற பச்சைப்பிள்ளைகளை அவன் நெஞ்சுமேல படுக்கப் போட்டுட்டு அம்மாமாரு ரேஷன் கடைக்குப் போய்ட்டு வந்தாங்க. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு நாலு மாசமா இறங்காம நின்ன சிறுநீர்க் கல்லு, ஜெபதுரை பக்கத்துல உக்காந்து பைபிள்ல சங்கீதப் புத்தகத்துலேருந்து ரெண்டு அதிகாரம் வாசிச்சதுல இறங்கிருச்சு. காது மூக்கு தொண்டை டாக்டர் கருவியெல்லாம் விட்டுப் பாத்துட்டு, தொண்டை நல்லாத்தான் இருக்கு, குரல்தான் அங்க இல்லன்னு சொல்லி அனுப்பிச்சுட்டார்.

ஒருத்தருக்குத்தான் ஒத்து வரலை. எங்க குருவானவர் சத்தியநாதன். எங்க பக்கம் சபைக் குருவை ஐயர்னு சொல்லுவோம், அவர் பேசுறது வேதப் புத்தகத்துலேருந்து நேரா எடுத்த தமிழ். முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கே, அதான், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை இருந்தா சொல்லுங்கன்னு சபையில மூணு ஞாயிறு அறிவிக்கிறது, அன்னைக்கே எப்சியைக் கூப்பிட்டு விட்டார். துணைக்கு நான் போனேன்.

"மாப்பிள்ளை உடன்படிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குருவானவர் காதில் விழாத வாக்கு வாக்கு அல்ல"ன்னார்.

"அவிய பேசத்தான் செய்தாவ ஐயா, நமக்குத்தான் கேக்கலை"ன்னா எப்சி.

"அதைத்தான் நானும் சொல்கிறேன். வாய் பேசாதவருக்குச் சைகை போதும், அதற்கு விதி இருக்கிறது. இவர் வாய் பேசுகிறவர். பேசுகிறவர் பேசுவது கேட்க வேண்டும். தலையாட்டினால் போதும் என்றால் பூம்பூம் மாட்டுக்கும் நான் கல்யாணம் செய்து வைக்க வேண்டியிருக்கும்."

"எழுதித் தந்தா?"

"இந்த ஊரில் எனக்கு எழுதித் தந்தது போதும். ஈஸ்டர் கழித்து வைத்துக்கொள்வோம், அதற்குள் குரல் ஏறிவிடும்."

"ஏறாது ஐயா, இறங்கத்தான் செய்யும். ஈஸ்டருக்குள்ள எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஐயர் கெட்டவரில்ல, ஆனா விதிப் புத்தகத்துல ஒரு கமாவைக்கூடத் தாண்ட மாட்டார். வெளியே வந்ததும் எப்சி வேப்பமரத்தடியில நின்னு அழுதா. கல்யாணம் தள்ளிப்போறதுக்காக அழலை. "கடைசியா அவிய என்ன சொன்னாவன்னு எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர். கத்தரிக்கா வேணுமான்னு கேட்டாவளோ என்னமோ. இதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்காக் கேட்டிருப்பேன்"னா. நான் முந்தானையால அவ முகத்தைத் தொடச்சு விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பாட்டுப் பயிற்சி. கிட்டாரை ஸ்டாண்டுல நிறுத்திட்டு எப்சி தண்ணி குடிக்கப் போயிருந்தா, கிட்டாரோட ஸ்பீக்கர் பெட்டியில கரண்ட் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஜெபதுரை வழக்கம்போல யாருக்கும் கேக்காம தன் பாகத்தைப் பாடிக்கிட்டிருந்தான், அந்த விஷயத்துல அவன் ரொம்ப ஒழுங்கு. பாத்துக்கிட்டே இருக்கேன், கிட்டார்ல இருக்கிறதுலயே தடிச்ச கம்பி, ஆறாவது கம்பி, யாரும் தொடாம தானா சிலிர்க்குது. ஸ்பீக்கர் பெட்டியிலேருந்து ஜெபதுரை பாடுறான். வார்த்தை வார்த்தையா, சுத்தமா, அவன் குரல்ல. திரும்பி வந்த எப்சி கையில இருந்த தண்ணிச் செம்பைக் கீழே போட்டுட்டா. அவன் அம்மா கனியம்மாள், நாப்பது வருஷமா சொப்ரானோ பாடுறவ, திரும்பிக்கூடப் பாக்காம, "இந்த வரி தப்பு, ரெண்டாம் பல்லவி பாடணும்"னு மகனைத் திருத்தினா.

ஏன் அப்படின்னு யாரும் கேக்கலை, எப்படி அதை விடாம வச்சுக்கிறதுன்னுதான் பாத்தோம். அவன் குரல் நிக்கிற இடத்துக்குச் சரியா ஒரு ஸ்தாயி மேல அந்தக் கம்பியைச் சுருதி வச்சா அவன் பேச்சு அதுல ஏறி வருது, கொஞ்சம் தப்பினாலும் வரலை. ஞாயிறு அவன் இறங்கினா திங்கக்கிழமை கம்பியையும் இறக்கணும். என் கீபோர்டுல இதுக்கு ஒரு பொத்தான் இருக்கு, அமுக்கினா முடிஞ்சுது, ஆனா கீபோர்டு பேசுமே தவிர யார் பேச்சையும் வாங்கிக்காது, அதனால வாயை மூடிக்கிட்டேன். பேஸ் கிட்டார் இருந்தா சுலபம், அது பக்கத்து சேகரத்துல இருக்கு, போன தேர்தலுக்கு முந்தின தேர்தல்லேருந்து அவங்களோட நாங்க பேசுறதில்ல.

கிட்டார்க் கம்பியை இறக்குறது கொடிக்கயிறை இறக்குற மாதிரி இல்லன்னு அப்பதான் ஊருக்குத் தெரிஞ்சுது. எப்சி போட்டிருந்தது மெல்லிசுக் கம்பி செட்டு, அதுலயே மெல்லிசான கம்பியை வச்சு ஒன்பதாம் நம்பர்னு சொல்லுவாங்க, விரலுக்குச் சுகமா இருக்கும், ஆனா ரெண்டு கட்டை இறக்கினதும் தொளதொளன்னு தொங்கி, கழுத்துல இருக்கிற கம்பிக்கட்டைகள்ல போய் இடிக்கும். ஜெபதுரை "எப்சி"ன்னா சரளைக்கல்லுல சைக்கிள் ஓட்டுற சத்தத்தோட வரும். பாளையங்கோட்டை மியூசிக் கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டா, "இறக்க இறக்கத் தடிமன் கூட்டணும்மா, அப்பதான் விறைப்பு நிக்கும்"னார். பத்துப் போட்டா, ஒரு வாரம் நின்னுச்சு. பதினொண்ணு போட்டா, அடுத்த ஞாயிறு அதுவும் தொங்கிருச்சு. பன்னிரண்டு போட்டா, அந்தச் செட்டுல தடிச்ச கம்பி ஐம்பத்தாறு, அது கிட்டாரோட மேல்கட்டைக் காடியில, அதான் கம்பி உக்காருற பள்ளத்துல, நுழையவே மாட்டேங்குது. பல் ராவுற சின்ன அரத்தை டாக்டர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்து, அரை அரை மயிரிழையாக் காடியை ராவி உக்கார வச்சா. கம்பி இழுத்த இழுப்புல கிட்டார்க் கழுத்து வில்லாட்டம் வளைஞ்சுது, சைக்கிள் கடை ஆறுமுகம் அண்ணாச்சி எல் மாதிரி வளைஞ்ச சாவியை விட்டுக் கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக்கம்பியைத் திருகி நிமித்திக் கொடுத்தார். பஸ்ல கடலைமிட்டாய் விக்கிறவர்கூட "ஐம்பத்தாறு தாங்குதாம்மா"ன்னு எப்சியை விசாரிக்கிற அளவுக்கு ஊர் தேறிருச்சு.

கல்யாணத்துக்குப் பதிமூணு நாள் இருக்கும்போது அறுபத்தெட்டு வேணும்னு ஆச்சு. அவ்வளவு தடிச்ச கம்பி சென்னையிலேருந்துதான் வரும், கடைக்காரர் மூணு வகை வரவழைச்சார், ஒண்ணு எஃகு சுத்தினது, ஒண்ணு நிக்கல் சுத்தினது, ஒண்ணு மேல் சுத்தைத் தட்டையா இழைச்சு வழுவழுன்னு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம் முடிஞ்சதும் ஜெபதுரையை உக்கார வச்சு ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தோம். ஒவ்வொண்ணுலயும் "எப்சி, சாப்பிட்டியா"ன்னு சொல்லச் சொன்னோம்.

எஃகுல அவன் சொன்னது வட்டாட்சியர் கேட்ட மாதிரி இருந்துச்சு. மெய்யெழுத்து ஒவ்வொண்ணும் ஊசி. சாப்பிடலைன்னா நடவடிக்கை எடுப்பான் போல. கனியம்மாள் பூரிச்சுப் போயிட்டா: "எம்புள்ள இவ்வளவு வெறைப்பாப் பேசி நான் கேட்டதே இல்லட்டி. இதையே போடு, நாளைக்கு நாலு பேர் மதிப்பான்." நிக்கல்ல அதே வார்த்தை வெண்ணெய்ல முக்கி எடுத்த மாதிரி வந்துச்சு, உயிரெழுத்தெல்லாம் நீண்டு குழைஞ்சு, கூட்டத்துல இருந்த கல்யாணமான பொம்பளைங்க பாதிப்பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்காரங்களை நெனைச்சுப் பெருமூச்சு விட்டாங்க. வழுவழுப்புக் கம்பியில, பந்தியில மூணாவது தடவை பாயசம் வாங்கிட்டுப் பேசுறவன் மாதிரி இருந்தான். எப்சியோட அப்பா அதைக் கேட்டுட்டு, "இவன் எதித்துப் பேச மாட்டான், இதுதான் நம்ம பிள்ளைக்குச் சரி"ன்னார்.

அப்புறம் என்ன, ராத்திரியோட ராத்திரியா ஊர் ரெண்டாச்சு. வழுவழுப்புக்கு எப்சி அப்பாவைத் தவிர ஆளில்லை, மத்தவங்க எஃகு அணி, நிக்கல் அணி. எஃகு அணி அடிச்ச நோட்டீஸ்ல "உறுதியான குரல், உறுதியான குடும்பம்"னு இருந்துச்சு, நிக்கல் அணி நோட்டீஸ்ல "அன்பே பிரதானம்"னு போட்டு வேத வசனம் வேற. பேராயருக்கு மனு போச்சு. சேகரக் கமிட்டியில வாக்கெடுப்பு வைக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க, எப்சி நேரா கமிட்டி நடக்கிற இடத்துக்கே போய், "வீட்டுல அந்தக் குரலைக் கேக்கப்போறது நான், கமிட்டி இல்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. ரெண்டு அணியும் கொஞ்ச நேரம் ஒத்துமையா அவளைத் திட்டுனாங்க.

ஆனா அவளுக்கே எது வேணும்னு தெரியலை, அதுதான் அவளைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. என் வீட்டுக்கு வந்து உக்காந்தா.

"மூணுலயும் யாரோ பேசுதாங்க டீச்சர். அவிய இல்ல. எஃகுல பேசுதவரைக் கண்டா பயமா இருக்கு, நிக்கல்ல பேசுதவரைக் கண்டா வெக்கமா இருக்கு. அவிய குரல் அப்படியா இருந்துச்சு? முடியுத எடத்துல லேசாக் கரகரக்கும், தூங்கி எந்திரிச்ச மாதிரி. எனக்கு மறந்து போயிருமோன்னு இருக்கு."

"மொத மொதல்ல பெட்டியிலேருந்து பாடினானே, அது எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

"அது அவிய குரல்தான். அது அப்படியே அவியதான்."

"அந்தக் கம்பி போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம். மாத்தணும் மாத்தணும்னு சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். துருவேறிக் கெடந்துச்சு."

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல விளங்கிச்சு. கணக்கு டீச்சர் நான், இதைக்கூடக் கண்டுபிடிக்காட்டி எப்படி. புதுக்கம்பி பளபளன்னு பேசும், எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைக்கும். கை பட்டு, வேர்வை பட்டு, எண்ணெய் பிடிச்சு, பளபளப்பு செத்தாத்தான் பேசுறவன் யாருன்னு தெரியும். கடைக்காரருக்கு போன் போட்டுக் கேட்டோம். நிக்கல்தான் சீக்கிரம் பழகும், ஆனா அறுபத்தெட்டுன்னா, தினம் வாசிச்சாலும் ரெண்டு மாசம் ஆகும்னார். எங்களுக்கு இருந்தது ஒன்பது நாள்.

எப்சி நிக்கல் கம்பியை மாட்டி, கிட்டாரைக் கோயில் முகப்புல ஒரு மேசையில படுக்க வச்சா. ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் எந்திரிச்சு, "எல்லாரும் ஒரு தரம் வந்து இந்தக் கம்பியைத் தடவிட்டுப் போங்க, கை கழுவாம வந்தா நல்லது"ன்னு அறிவிச்சா. நிக்கல் அணி செயிச்சோம்னு நெனைச்சு வரிசையில வந்துச்சு. அவங்க தடவித் தடவிக் கொழகொழன்னு ஆக்கிருவாங்கன்னு எஃகு அணி ஆளுக்கு ரெண்டு தரம் வந்து அழுத்தித் தேச்சுட்டுப் போச்சு, அதைப் பாத்து இவங்க மூணு தரம் வந்தாங்க. வாழைத்தார் வெட்டுறவங்க கறைக்கையோட வந்தாங்க, மத்தி மீன் பொரிச்ச கையோட அவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்தாங்க, கருப்பட்டிப் பாகு கிண்டுன கை, பால் கறந்த கை, ஆறுமுகம் அண்ணாச்சியோட கிரீஸ் கை, சாயங்காலம் சாயங்காலம் என் சாக்பீஸ் கை. கனியம்மாள் தலைக்கு வச்ச எண்ணெயோட வந்து, "எங்கையால அவனை எட்டு வயசு வரைக்கும் குளுப்பாட்டியிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே அந்தக் கம்பியை மேலேருந்து கீழ வரைக்கும் உருவி விட்டா. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை கம்பி கறுத்து, பழைய கரண்டிக்காம்பு நிறத்துக்கு வந்திருந்துச்சு. ஜெபதுரையை உக்கார வச்சு, எப்சி முறுக்காணியைத் திருகிச் சுருதி வச்சா.

"எப்சி, சாப்பிட்டியா"ன்னான். முடியுற இடத்துல லேசாக் கரகரத்துச்சு.

அவ அப்படியே தரையில உக்காந்து, முகத்தை மூடிக்கிட்டு அழுதா, சந்தோஷத்துல அழுதா. அழுகைக்கு நடுவுலயே சாப்பிட்டேன்னா. கிட்டாரை எனக்கு அன்னைக்குத்தான் பிடிச்சுது.

மறுநாள் ஞாயிறு வழக்கம்போல ரெண்டு கட்டை இறங்குச்சு, எப்சி கம்பியையும் இறக்கினா, அறுபத்தெட்டு தாங்குச்சு. இனி ஒரு வாரத்துக்குக் கவலையில்லைன்னு எல்லாரும் நிம்மதியாத் தூங்கினோம்.

திங்கக்கிழமை காலைல பத்தரைக்கு ஆராதனை. ஒரு இடம் பாக்கியில்ல. எப்சி சந்தனநிறப் பட்டுல, தலையில வலைமுக்காட்டோட, தோள்ல கிட்டாரை மாட்டிக்கிட்டு வந்தா. பட்டு கசங்குதேன்னு கனியம்மாள் வழி நெடுக முணுமுணுத்தா. கிட்டார் காதுக்கருவி மாதிரிதான், விதிக்கு விரோதமில்லைன்னு ஐயர் ஏற்கெனவே ஒப்புக்கிட்டிருந்தார், மணவாளன் சொல்றது தெளிவாக் கேக்கணும், கடைசி வார்த்தை வரைக்கும் கேக்கணும், அவ்வளவுதான் அவருக்கு. மோதிரத்தை வாங்கி வச்சுட்டு, "சொல்லும்"னார்.

ஜெபதுரை ஆரம்பிச்சான். "ஜெபதுரை ஆகிய நான், எப்சிபா ஆகிய உன்னை"ன்னு பெட்டியிலேருந்து வந்துச்சு, கரகரப்போட, அவனேதான், சபை மொத்தமும் ஒரு மூச்சு விட்டுச்சு. அப்பத்தான் அவன் எப்சியை நிமிர்ந்து பாத்தான். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமையைத் தவிர எந்த நாளும் இறங்காத குரல், அவ முகத்தைப் பாத்த பாவத்துக்குத் திங்கக்கிழமை இறங்க ஆரம்பிச்சுருச்சு. எப்சி டக்குனு இடது கையால முறுக்காணியைப் பிடிச்சா. நன்மையிலும் தின்மையிலும்னு அவன் இறங்கினான், அவ ஒரு சுத்துத் தளர்த்தினா, செல்வத்திலும் வறுமையிலும்னு இறங்கினான், இன்னொரு சுத்து, சுகத்திலும் நோயிலும்னு இன்னும் இறங்கினான், இவ கண்ணை அவன் மேலயே வச்சுக்கிட்டு, கையால ஒவ்வொரு படியா அவன் பின்னாலயே இறங்கிப் போனா, கம்பி முனக ஆரம்பிச்சுது, கம்பிக்கட்டையில கடகடன்னு இடிச்சுது, மரணம் நம்மைப் பிரிக்கிற வரைக்கும்னு வந்த இடத்துல முறுக்காணியில சுத்தவே மிச்சமில்லாம, அறுபத்தெட்டாம் நம்பர் கம்பி கிட்டார் மேல தொங்கிக் கிடந்துச்சு.

அவன் வாய் அசைஞ்சுது. வாக்குக் கொடுக்கிறேன்னு சொல்லணும், அது ஒண்ணுதான் பாக்கி. பெட்டி உம்முனு நின்னுச்சு.

ஐயர் ரொம்ப நேரம் காத்திருந்தார், அதையும் சொல்லணும். அப்புறம், "எனக்குக் கேட்கவில்லை"ன்னார். குரல்ல வருத்தம் இருந்துச்சு. கையிலிருந்த புத்தகத்தை மூடப்போனார்.

"எனக்குக் கேட்டுச்சு ஐயா."

சொன்னது ஞானமுத்து. கோயிலுக்குள்ள டீக்கடைக்காரர் வாயைத் திறந்து நான் பாத்ததில்ல. பெண்கள் பக்கத்துலேருந்து ஒருத்தி, "எனக்கும்"னா. எஃகு அணித் தலைவர் எந்திரிச்சு, "எங்க ஆட்கள் எல்லாருக்கும் கேட்டுச்சு"ன்னார், நிக்கல் அணி தன் வாழ்நாள்ல முதல் தடவையா அதை ஆமோதிச்சுது. எனக்கும் கேட்டுச்சு. எங்கேயிருந்துன்னு கீழே பாத்தேன். அதுவரைக்கும் காதுக்குக் கீழயும் காலுக்கு மேலயும் இடுப்பளவுல எங்கயோ நின்னுக்கிட்டிருந்த குரல், அன்னைக்குத்தான் தரையைத் தொட்டிருந்துச்சு. கருங்கல் தரை வழியா, உள்ளங்கால் வழியா, வாக்குக் கொடுக்கிறேன்னு ஒவ்வொரு எழுத்தாத் தெளிவா ஏறி வந்து முழங்கால்ல நின்னுச்சு, முடியுற இடத்துல கரகரப்பு உள்பட.

"எல்லாருக்கும் கேட்டால் எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?"ன்னார் ஐயர்.

எல்லாரும் செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்திருந்தோம். சபை மொத்தமும் அவர் காலைப் பாத்துச்சு. அங்கிக்குக் கீழே பளபளன்னு கறுப்பு ஷூ. முப்பது வருஷமா அப்படித்தான் நிக்கிறார், யாரும் ஒண்ணும் நெனைச்சதில்ல. யார் சொல்றதுன்னு எல்லாரும் தயங்கிக்கிட்டிருந்தப்போ கனியம்மாள்தான் சொன்னா. "ஐயா, சப்பாத்தைக் கழட்டுங்க."

ஐயர் விதிப் புத்தகத்தை மனசுக்குள்ள ஒரு புரட்டுப் புரட்டிப் பாத்திருப்பார்னு நெனைக்கிறேன். விரோதமா ஒண்ணும் இல்ல போல. பீடத்துப் படியில உக்காந்து, நாடாவை அவுத்து, ஷூவைக் கழட்டி, காலுறையையும் கழட்டி மடிச்சு உள்ளே வச்சார். வெயிலே படாத வெள்ளைக் கால், சுண்டுவிரல்ல ஆணிக்குப் போட்ட பிளாஸ்டர். எந்திரிச்சு, ஒரு குளிர் தெரிஞ்ச மாதிரி விரலை மடக்கி விரிச்சு, கருங்கல்லுல ஊன்றி நின்னார்.

"இப்போது சொல்லும்"னார்.

ஜெபதுரை சொன்னான். ஐயர் தன் காலையே பாத்துக்கிட்டிருந்தார், அவர் முகத்துல இருந்த ஐயர் எங்கயோ போயிட்டார், பொண்டாட்டியைப் பறிகொடுத்து ஆறு வருஷமாத் தனியாச் சோறு பொங்கிச் சாப்பிடுற மனுஷன் மட்டும் அங்க நின்னார்.

"இன்னும் ஒரு முறை"ன்னார். ஜெபதுரை மறுபடியும் சொன்னான். ஐயர் கண்ணை மூடிக்கிட்டார். கேட்டாச்சுன்னு சபைக்கே தெரிஞ்சுது, அவருக்கும் தெரிஞ்சுது. ஆனாலும் புத்தகத் தமிழெல்லாம் மறந்து, யாரோ வேற ஆள் மாதிரி மெதுவா, "இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா"ன்னு எப்சியைப் பாத்துக் கேட்டார்.

எப்சி தொங்கிக் கிடந்த கம்பியை ஒரு கையால ஒதுக்கிட்டு, கிட்டாரைத் தோள்லேருந்து கழட்டி என் கையில கொடுத்தா.

"ரெண்டு தரம் சொல்லிட்டாவ ஐயா"ன்னா. "மிச்சம் எனக்கு."